குடல்வால் வலி வலப்பக்க அடிவயிற்றில்தான் வர வேண்டுமா?

மருத்துவர் பதில்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே நோயைப் பற்றியே இருந்தன. ஆகவே இந்த இதழின் பக்கங்களைக் குடல்வால் அழற்சிக்கே ஒதுக்கிவிட்டோம்.

என் கணவருக்கு 36 வயது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தொப்புளைச் சுற்றிப் பிசைந்தது. காலையில் பசியாறவில்லை. பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே, முதுகோரமாக வலித்தது. கிளினிக்கில், "கோலைத் தூக்கித் தூக்கிச் சதை பிடித்திருக்கும். சிறுநீரில் கொஞ்சம் ரத்தமும் இருக்கிறது, கல்லாகவும் இருக்கலாம்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். புதன்கிழமை ஈப்போவில் ஆபரேஷன். குடல்வால் பின்பக்கம் மடங்கிச் சீழ் பிடித்திருந்ததாம். முன்வயிற்றை அமுக்கினால் அவருக்குப் பெரிதாக வலிக்கவே இல்லையே டாக்டர், இதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?
— தோட்ட வாசகி

அம்மா, உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. ராத்திரி தொப்புளைச் சுற்றிப் பிசைந்தது, காலையில் பசியாற மனம் வரவில்லை, பிறகு வலி இடம் மாறி ஓரிடத்தில் நின்றது. இந்த வரிசைதான் குடல்வால் அழற்சியின் கையெழுத்து. கடைசியில் வலி எங்கே போய் நிற்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ஏன் மாறுகிறது? சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில், பை போன்ற ஒரு பகுதி உண்டு. அதைப் பெருங்குடல்வாய் என்போம். அதன் அடியிலிருந்து சுண்டுவிரல் போலத் தொங்குவது குடல்வால். அதன் வேர் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும், நுனிதான் இஷ்டப்படி திரும்பும். சிலருக்கு இடுப்புக்குழிக்குள் இறங்கிக் கிடக்கும். பலருக்குப் பெருங்குடல்வாயின் பின்னால் ஒளிந்திருக்கும். அரிதாகக் கல்லீரலுக்கு அடியில் வரை ஏறியிருக்கும்.

குடல்வாலின் வாய் அடைபட்டு அது வீங்கத் தொடங்கும்போது, உட்குடலின் நரம்புகள் அந்த வலியைத் தொப்புள் பக்கத்து வலியாகவே மூளைக்குச் சொல்லும். பல மணி நேரம் கழித்து வீக்கம் வயிற்றின் உட்சுவரைத் தொட்ட பிறகுதான் "இதோ இங்கே" என்று விரலால் காட்டக்கூடிய வலி வரும். உங்கள் கணவருக்கு அது முன்சுவரைத் தொடவில்லை, பின்சுவரைத் தொட்டது. முன்னால் காற்று நிறைந்த பெருங்குடல்வாய் தலையணை போலக் கிடந்ததால் மேலிருந்து அமுக்கியது உள்ளே போய்ச் சேரவில்லை. சிறுநீர்க் குழாய் அதன் பக்கத்திலேயே ஓடுவதால் அதுவும் எரிச்சல்பட்டுச் சிறுநீரில் கொஞ்சம் சிவப்பணுக்களோ வெள்ளணுக்களோ வரலாம். சிறுநீரில் ரத்தம் என்றதும் கல் என்று முடிவு கட்டுவது அதனால்தான் ஆபத்து. கல் வலியில் ஆள் ஓரிடத்தில் இருக்கமாட்டார், புரண்டு புரண்டு படுப்பார். குடல்வால் வலியில் அசைந்தால் வலிக்கும் என்று சுருண்டு கிடப்பார்.

இந்த வகையைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலது காலை முட்டி மடக்காமல் மெல்லப் பின்னோக்கி இழுக்க வேண்டும். முதுகெலும்பிலிருந்து தொடைக்கு ஓடும் சதையின்மேல் அழன்ற குடல்வால் உட்கார்ந்திருந்தால், அந்தச் சதை நீளும்போது சுரீர் என்று வலிக்கும். சில நோயாளிகள் மருத்துவர் தொடுவதற்கு முன்பே வலது காலை மடக்கி வைத்துக்கொண்டுதான் படுத்திருப்பார்கள். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். மனிதர் எப்படி நடக்கிறார்? வலது பக்கம் குனிந்து, காலை இழுத்து நடக்கிறாரா? தோட்டத்து மண் சாலையில் வேன் குலுங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாரா? இவற்றைச் சொன்னாலே மருத்துவரின் கை சரியான இடத்துக்குப் போகும்.

இன்னொன்று. வலி தொடங்கிய மணி, இடம் மாறிய மணி, முதல் வாந்தி வந்த மணி, மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வலிக்குப் பிறகு வாந்தி வந்தால் குடல்வாலை நினைக்க வேண்டும். வாந்தி, பேதி முதலில் வந்து வலி பின்னால் வந்தால் உணவுக் கோளாறுக்கு வாய்ப்பு அதிகம். முதல் கிளினிக்கில் வேறு நோய் சொல்லியிருந்தாலும், ஆறு எட்டு மணி நேரத்தில் வலி குறையவில்லை என்றால் அந்தத் தாளோடு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடக்க முடியாத வலி என்றால் 999 அவசர எண்ணை அழையுங்கள். திடீரென்று வலி விட்டுவிட்டது, ஆனால் ஆள் சோர்ந்து, நாடி வேகமாக ஓடுகிறது என்றால் நிம்மதி அடையாதீர்கள். குடல்வால் வெடித்த உடனே சிறிது நேரம் அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு முழு வயிறும் பலகையாகிவிடும்.

மகளுக்கு 17 வயது. பேதி நாலைந்து முறை, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். மருத்துவமனையில் கர்ப்பச் சோதனை எடுக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இது தேவையா?
— ஒரு தாய்

தேவை, அம்மா. உங்கள் மகளைச் சந்தேகித்துச் செய்வதில்லை. மாதவிடாய் வரும் வயதில் வயிற்று வலியோடு வரும் எல்லாப் பெண்களுக்கும் செய்வது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அதை இல்லை என்று உறுதி செய்யாமல் மற்றதைத் தேடுவது பெரிய தவறு. சூலகம் முறுக்கிக்கொள்வதும் இதே இடத்தில், இதே வலியோடு வரும். அதிலும் தாமதித்தால் சூலகம் அழுகிவிடும். ஆகவே அல்ட்ராசவுண்டில் குடல்வாலோடு கர்ப்பப்பையும் சூலகமும் சேர்த்துப் பார்க்கப்படும். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருப்பது நல்லது. ஸ்கேனுக்கு முன்பு கழிவறைக்குப் போகலாமா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

குடல்வாலின் நுனி இடுப்புக்குழிக்குள் கிடந்தால், அது மலக்குடலையும் சிறுநீர்ப்பையையும் உரசிக்கொண்டிருக்கும். மலக்குடல் எரிச்சலில் கொஞ்சம் கொஞ்சமாய், சளி போன்ற பேதி. பை எரிச்சலில் அடிக்கடி சிறுநீர். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை", "சிறுநீரில் கிருமி" என்று பெயர் வைத்து அனுப்பப்படும் பெண்கள் அதிகம். உண்மையான உணவுக் கோளாறில் பேதி தண்ணீராய், நிறையப் போகும், வலி விட்டுவிட்டு முறுக்கும். இதில் பேதி கொஞ்சம்தான், வலி விடாது. வலது முட்டியை மடக்கித் தொடையை உட்பக்கம் திருப்பினால் அடிவயிற்றில் வலிப்பது இந்த வகைக்கான சோதனை.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். "ரத்தம் சரி, குடல்வால் தெரியவில்லை" என்றார்கள். அப்படியானால் நோய் இல்லை என்று வீட்டுக்கு வந்துவிடலாமா?
— இளைஞர் ஒருவர்

தம்பி, "தெரியவில்லை" வேறு, "இல்லை" வேறு. அல்ட்ராசவுண்ட் அலை காற்றைத் தாண்டாது. பெருங்குடல்வாய்க்குப் பின்னால் இருக்கும் குடல்வாலைக் குடல் காற்று மறைத்துவிடும். தெரிந்தால் நல்ல சான்று. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, கருவியால் அமுக்கினாலும் நசுங்காமல் நின்றால் அழற்சி என்று கொள்ளலாம். முழு நீளமும் மெலிந்து, நசுங்குவதாகப் பார்த்தால் மட்டுமே அழற்சி இல்லை என்று சொல்ல முடியும்.

ரத்தத்தில் வெள்ளணு 10,000க்கு மேல் ஏறுவதும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் ஏறுவதும் துணைச் சான்றுகள். முதல் சில மணி நேரத்தில் இரண்டுமே சாதாரணமாக இருக்கலாம். சி.ஆர்.பி. மெதுவாக ஏறும். அதனால் ஒரு முறை எடுத்த ரத்தத்தைவிட, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்த ரத்தமும் அதே மருத்துவரின் கை மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும்தான் அதிகம் பேசும். வார்டில் "கவனிப்பில் வைக்கிறோம்" என்றால் சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள் என்று கோபித்து, கையெழுத்துப் போட்டு வந்துவிடாதீர்கள். அந்தக் காத்திருப்பும் ஒரு பரிசோதனைதான்.

அறிகுறிகளுக்குப் புள்ளி போட்டுக் கூட்டும் முறைகளும் உண்டு. 1986இல் வந்த அல்வராடோ முறையில் மொத்தம் 10 புள்ளி. வலி இடம் மாறியது, பசியின்மை, குமட்டல், அமுக்கி விடும்போது வலி, காய்ச்சல், இளம் வெள்ளணுக்கள் கூடியது ஒவ்வொன்றுக்கும் 1. வலப்பக்க அமுக்கு வலிக்கும் வெள்ளணு ஏற்றத்துக்கும் தலா 2. ஏழோ அதற்கு மேலோ என்றால் சந்தேகம் வலுக்கும். நம் பகுதி மக்களுக்கென்று 2010இல் புருணையின் ராஜா இஸ்தெரி பெங்கிரான் அனாக் சலேஹா மருத்துவமனையில் உருவான ரிபாசா முறையில் எல்லை 7.5. இரண்டுமே வழக்கமான வலிக்கு நன்றாக உதவும். முதுகில் வலிப்பவருக்கும் பேதியோடு வருபவருக்கும் புள்ளி குறைவாகத்தான் விழும். புள்ளி நடுவில் நின்றால் சி.டி. ஸ்கேன் எடுப்பது சரியான முடிவு. மறைந்த குடல்வாலைக் காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை. சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, இனிப்புநீருக்கு (நீரிழிவு) மெட்போர்மின் சாப்பிடுவது, இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வலி ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்று மறுக்க வேண்டாம். மருத்துவமனையில் கொடுக்கும் வலி மருந்து நோயறிதலைக் கெடுப்பதில்லை. வீட்டில் கேஸ்ட்ரிக் மாத்திரை, கோடாரித் தைலம், விளக்கெண்ணெய் என்று இரண்டு நாள் ஓட்டுவதுதான் கெடுக்கிறது. விளக்கெண்ணெய் குடித்துக் குடலை ஓடவிடுவதும், "குடல் ஏறியிருக்கிறது" என்று எண்ணெய் தேய்த்து நீவுவதும் அழுகிய குடல்வாலை வெடிக்கவைக்கக் கூடியவை. பாட்டிமார் அன்போடு செய்வதுதான். இந்த வலிக்கு மட்டும் வேண்டாம்.

டெங்கியிலும் வயிறு வலிக்கும் என்கிறார்களே?

வலிக்கும், வலப்பக்கமும் வலிக்கும். டெங்கியில் காய்ச்சல் முதலில் வரும், வயிற்று வலி மூன்றாம் நாள் வாக்கில் வரும். குடல்வாலில் வலி முதலில், காய்ச்சல் பிறகு, அதுவும் ஆரம்பத்தில் 38 டிகிரியை ஒட்டியே. டெங்கியில் வெள்ளணுவும் தட்டணுவும் இறங்கும், குடல்வாலில் வெள்ளணு ஏறும். டெங்கியைக் குடல்வால் என்று நினைத்துக் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. ஆகவே கொசு மருந்து அடிக்கும் தோட்டத்திலிருந்து வருகிறீர்கள், பக்கத்து வீட்டில் டெங்கி என்றால் அதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்று ஓட்டை போட்டு எப்படிக் குடலுக்குள் இருப்பதை வெட்டி எடுக்கிறார்கள்? பின்னால் ஒளிந்திருந்தால் என்ன செய்வார்கள்? பெரிதாகக் கிழித்தே செய்தால் நன்றாகப் பார்க்கலாமே?
— இடைநிலைப்பள்ளி ஆசிரியர்

ஒளிந்திருக்கும் குடல்வாலுக்குத்தான் துளை அறுவை மிகவும் பொருந்தும், ஐயா. வலப்பக்கம் சிறிதாகக் கிழித்தால் அந்த இடம் மட்டும் தெரியும். குடல்வால் மேலே ஏறியிருந்தால் வெட்டை நீட்டிக்கொண்டே போக வேண்டும். கேமரா வயிறு முழுவதையும் பார்க்கும். குடல்வால் நன்றாகவே இருந்தால், வலிக்குக் காரணம் சூலகமா, சிறுகுடலின் கடைசி 60 சென்டிமீட்டரில் எங்காவது முளைத்த பையா என்று அதே துளை வழியே தேடலாம்.

1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் இப்படிக் குடல்வாலை முதன்முதலில் எடுத்தவர் குர்ட் செம். அவர் பொது அறுவை மருத்துவர்கூட இல்லை, மகப்பேற்று மருத்துவர். அன்று அவரைக் கண்டித்தவர்கள் பலர்.

முறை இதுதான். கடைசியாகச் சாப்பிட்டு 6 மணி நேரம், வெறும் தண்ணீர் குடித்து 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் குடல்வால் சந்தேகம் வந்த உடனே மைலோ, கஞ்சி எதுவும் கொடுக்காதீர்கள் என்கிறோம். முழு மயக்கம். தோலைக் கீறுவதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போய்விட வேண்டும். சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். கீழ்த்துளை அதற்கு நேர் மேலே விழுவதால் நிறைந்த பை காயப்படும்.

தொப்புளை ஒட்டி 10 மில்லிமீட்டர் துளை ஒன்று. அதன் வழியே கரியமிலவாயுவை 12 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை செலுத்துவார்கள். வயிற்றுச் சுவர் கூடாரம் போல எழும்பும், உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். கரியமிலவாயு ஏன் என்றால், மின்சூடு வைக்கும்போது தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும். கேமரா உள்ளே போன பிறகு, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்று நடுவில் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக 5 மில்லிமீட்டர் துளைகள். மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தி, வலப்பக்கம் உயர்த்துவார்கள். சிறுகுடல் தானாக இடப்பக்கம் சரிந்து வழிவிடும்.

குடல்வால் கண்ணில் படவில்லை என்றால் தேடுவதற்கு ஒரு நம்பகமான வழி உண்டு. பெருங்குடலின் மேல் நீளவாக்கில் மூன்று வெள்ளைத் தசைநாடாக்கள் ஓடும். அவை மூன்றும் குடல்வாலின் வேரில்தான் கூடும். நாடாவைப் பிடித்துக் கீழே போனால் வேர் அகப்படும். நுனி பின்னால் புதைந்திருந்தால், பெருங்குடல்வாயின் வெளி ஓரத்தில் அதைப் பின்சுவரோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை வெட்டி, குடலைப் புத்தகப் பக்கம் புரட்டுவது போல இடப்பக்கம் புரட்டுவார்கள். அப்படியும் நுனி ஒட்டிக்கொண்டு வராவிட்டால், முதலில் வேரைக் கட்டி அறுத்துவிட்டு, பிறகு நுனி வரை மெல்லப் பிரித்துக்கொண்டு போவார்கள்.

குடல்வாலைத் தாங்கும் சவ்வில்தான் அதன் ரத்தக்குழாய் ஓடுகிறது. அதை மின்சூட்டாலோ கிளிப்பாலோ அடைத்து அறுத்த பின் மிஞ்சுவது வேர் மட்டும். அதற்கு முன்பே முடிச்சிட்ட சுருக்கு நூல் உண்டு. சுருக்கைக் குடல்வாலின் நுனி வழியாகக் கோத்து, வேர் வரை நகர்த்தி, தள்ளுகோலால் இறுக்க வேண்டும். வேரில் இரண்டு, சற்றுத் தள்ளி ஒன்று. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் வெட்டு. இங்கே இரண்டு தவறுகள் நேரலாம். மிச்சக் கட்டையை 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக விட்டால் பிற்காலத்தில் அந்தக் கட்டையிலேயே மறுபடி அழற்சி வரும். "குடல்வாலை எடுத்தாயிற்றே" என்று யாரும் அதை நினைக்கமாட்டார்கள். வேரே அழுகியிருக்கும்போது சுருக்கை இறுக்கினால் நூல் தசையை அறுத்து, மலம் கசியும். அப்போது நல்ல குடல் வரை போய் ஸ்டேப்ளரால் அடைக்க வேண்டும்.

அறுத்ததைப் பையில் போட்டுத்தான் வெளியே இழுக்க வேண்டும், வெறுமனே இழுத்தால் தொப்புள் புண் சீழ் பிடிக்கும். சில இடங்களில் கிருமி நீக்கிய கையுறையின் விரலே பையாகிறது. வெடித்த குடல்வாலிலிருந்து மலக்கல், அதாவது கல்லாக இறுகிய மலத்துண்டு, ஒன்று நழுவி விழுந்திருக்கலாம். மிளகளவுதான் இருக்கும். அதைத் தேடி எடுக்காமல் மூடினால் அதைச் சுற்றியே சீழ்க்கட்டி வளரும்.

ரத்தம் நிற்கவில்லை, குடல்கள் ஒட்டிக்கொண்டு எது எதென்று பிரியவில்லை என்றால் வயிற்றைத் திறப்பார்கள். அது தோல்வி அல்ல, நல்ல மருத்துவரின் நிதானம். சம்மதத் தாளில் அந்த வரியும் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

விழித்த பிறகு வலது தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதைத் தோள் நரம்பு சொல்கிறது. எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் போய்விடும்.

மருந்திலேயே குணமாகும் என்று கேள்விப்பட்டேன். கத்தி வேண்டாமே?

வெடிக்காத, மலக்கல் இல்லாத குடல்வாலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் கொடுப்பது இன்று ஏற்கப்பட்ட வழிதான், ஆனால் சி.டி. ஸ்கேனில் அதை உறுதிப்படுத்திய பிறகே. 2020இல் அமெரிக்காவில் வெளியான கோடா ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 29 விழுக்காட்டினருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது. மலக்கல் இருந்தவர்களில் 41 விழுக்காடு. மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்த பின்லாந்து ஆய்வில் ஐந்து ஆண்டில் 39 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பெரிய மருத்துவமனையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி, வாகனம் கிடைக்காத உள்தோட்டத்தில் இருப்பவருக்கு நாங்கள் அறுவையையே சொல்வோம். மூன்று நான்கு நாள் கழித்து வந்து, வயிற்றில் கட்டி போலத் தட்டுப்பட்டால் மட்டும் முதலில் மருந்து. அவர் 40 வயதைத் தாண்டியவர் என்றால், குணமான பின் பெருங்குடல் கேமராப் பரிசோதனை கட்டாயம். பெருங்குடல்வாய்ப் புற்றும் இதே வேடத்தில் வரும்.

கர்ப்பிணிக்குத் துளை அறுவை செய்யலாமா? செய்யலாம், எந்த மாதத்திலும். குழந்தைக்கு ஆபத்து கத்தியால் வருவதைவிட, வெடித்த குடல்வாலால் வருவது பல மடங்கு. மாதம் ஏற ஏறக் குடல்வாலும் மேலே தள்ளப்படலாம், அதனால் விலாவுக்குக் கீழே வலித்தாலும் காட்டுங்கள். அல்ட்ராசவுண்டில் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ.

ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் குலை வெட்டப் போகலாம்? மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வெளியே தெரியும் புண் பத்து நாளில் ஆறிவிடும். தொப்புளடியில் தைத்த உறைச்சவ்வு அவ்வளவு சீக்கிரம் வலுப்பெறாது. உயரமான மரத்துக்கு அரிவாள் கோலைத் தூக்கிச் சுண்டி இழுப்பதும், 20 கிலோ குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதும் வயிற்றுச் சுவருக்கு மிகக் கடினமான வேலை. தையல் விட்டால் தொப்புளில் குடலிறக்கம் வரும். ஆகவே நான்கு வாரம் வெட்டு வேலை வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் பிறகு உதிரிப்பழம் பொறுக்குவது போன்ற இலேசான வேலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வெடித்த குடல்வால் என்றால் எல்லாவற்றோடும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறத் தேவைப்பட்டால், மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி வழக்கமான எம்.சி. (நோய் விடுப்பு) நாட்களைத் தொடாமல் ஆண்டுக்கு 60 நாள் வரை தனி விடுப்பு உண்டு. மண்டோரிடம் இதை மரியாதையோடு சொல்லலாம்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு திரும்பவும் 38 டிகிரி காய்ச்சல், சளி கலந்த பேதி, வயிறு உப்பி வாந்தி, இவற்றில் எது வந்தாலும் அன்றே திரும்ப வாருங்கள். இடுப்புக்குழியில் சீழ் தேங்கினால் இப்படித்தான் தெரியும்.

கொய்யா விதை விழுங்கினால் குடல்வால் வருமா? பிள்ளைகள் தாராளமாகச் சாப்பிடட்டும். அடைப்பது பெரும்பாலும் உள்ளேயே இறுகிய மலக்கல்லும், கிருமித் தொற்றில் வீங்கும் நிணநீர்த் திசுவும்தான். சாப்பிட்டுவிட்டு ஓடினால் வரும் என்பதும் உண்மையல்ல.

எடுத்த குடல்வாலை என்ன செய்வார்கள்? ஆய்வகத்துக்கு அனுப்பி, துண்டு துண்டாக வெட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு நுனியில் சிறு கட்டி ஒன்று தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. பெரும்பாலும் அந்த அறுவையே அதற்கும் போதுமான சிகிச்சை, ஆனால் 2 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் குடலை எடுக்க வேண்டிவரும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். புண் ஆறிவிட்டது என்று மறுபரிசோதனை நாளைத் தவறவிட்டுவிடாமல், போய் "பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள்.